பிளேஸ்டேஷன் 4: பின் ஸ்பீக்கர்களில் ஏன் சத்தம் வரவில்லை?

அஸ்தம்பட்டி நண்பரே, பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலை ஆப்டிகல் ஒயரில் (ஒலியை ஒளியாகக் கடத்தும் ஒயர்) பழைய ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) கொடுத்தும் முன் ஸ்பீக்கர்கள் மட்டுமே கேட்கின்றன என்கிறீர்கள். பழுது எதுவும் இருக்காது, செட்டிங்தான் காரணம்.

ஆப்டிகல் ஒயரில் பிசிஎம் எனப்படும் சுருக்காத டிஜிட்டல் ஒலி 2 சேனல்தான் (இடது, வலது) போகும். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். கன்சோலின் ஆடியோ அவுட்புட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட் ஆப்டிகலைத் தேர்ந்தெடுத்து, டால்பி டிஜிட்டல் 5.1-ஐ டிக் செய்யுங்கள். அப்புறம் ஆடியோ ஃபார்மட்டை பிட்ஸ்ட்ரீம் டால்பிக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் மறுபடியும் 2 சேனல்தான். ரிசீவர் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்து எரிந்தால் சரி.

ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் இந்தப் படியை விட்டுவிட்டு ஒரு மாலை முழுக்கத் தவித்தேன். மாற்றியதும், கார் பந்தயத்தில் துரத்தி வந்த வண்டி முதுகுக்குப் பின்னால் உறுமி, வலது காதோரமாக முன்னே பாய்ந்தது. அண்ணன் மகன் திரும்பியே பார்த்துவிட்டான்!

ரிசீவரில் எச்டிஎம்ஐ இன்புட் இருந்தால் கன்சோலை நேரே அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். அதில் 7.1 பிசிஎம் கூடச் சுருக்காமல் போகும். ஆனால் படத்தை மட்டும் கடத்தி, ஒலியை எடுக்காத பழைய மாடல்களும் உண்டு, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.