உரிமம் பறிபோன பிறகும் ஏன் ஓட்டுகிறார்கள்?

தங்கைக்கு,

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகருக்குச் செவிலியராக வந்து இரண்டே மாதம் ஆகிறது என்கிறீர்கள். பூர்வகுடி மக்களில் சிலர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மறுபடியும் மறுபடியும் பிடிபடுகிறார்களே, தண்டனைக்குப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாக அவசரப் பிரிவில் இருக்கிறேன். நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன்.

குடிப்பழக்கமே இல்லாதவர்கள் அவர்களிடையே மற்ற ஆஸ்திரேலியர்களைவிடக் கூடுதல் விகிதம் என்று தேசியக் கணக்கெடுப்புகள் பலமுறை காட்டியிருக்கின்றன. வார்டில் நாம் பார்ப்பது அந்தச் சமூகம் முழுவதையும் அல்ல.

நமக்கு வடக்கே கேப் யார்க் தீபகற்பத்தில் அவுருகுன் போன்ற பூர்வகுடி ஊர்களில் மதுவுக்குத் தடை. குடிக்க நினைப்பவர் ஊருக்கு வெளியே போய்க் குடிக்கிறார், பிறகு வீடு திரும்ப வேண்டும். பஸ் கிடையாது, வாடகைக் கார் கிடையாது. நீண்ட மண்சாலையும் ஒரே ஒரு வண்டியும்தான். அதில் யாராவது ஒருவர் ஓட்டியாக வேண்டும்.

‘ஹம்பக்’ என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். உறவினர் விடாமல் கேட்டு நெருக்குவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மூத்தவர் ஒருவர் "கொண்டுபோய் விடு" என்றால் மறுப்பது பெரும் அவமரியாதை. கை முறிந்து வந்த ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: "அத்தை கூப்பிட்டார். எல்லோரிலும் நான்தான் குறைவாகக் குடித்திருந்தேன்." அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சட்டமும் அவர்களைச் சுழலில் தள்ளுகிறது. நம் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவுக்குப் பொது வரம்பு 0.05 சதவீதம், ஓட்டப் பழகுபவருக்கோ சுழியம். 25 வயதுக்குட்பட்டவர் உரிமம் பெற 100 மணி நேரம் உரிமமுள்ளவரோடு ஓட்டிக் காட்ட வேண்டும். உரிமமுள்ளவரே அரிதான ஊரில் யாரிடம் போவது? பலருக்குப் பிறப்புச் சான்றிதழ்கூடக் கையில் இல்லை. கட்டாத அபராதத்துக்கும் உரிமம் முடக்கப்படும். மூச்சுப் பரிசோதித்த பின்பே வண்டியைக் கிளப்பவிடும் பூட்டுக் கருவியின் செலவும் ஓட்டுநர் தலையில். உரிமம் போனபின் வேலைக்கோ கடைக்கோ ஓட்டினால் அதுவே புதிய வழக்கு. ஒரு தவறு மூன்று வழக்காகப் பெருகுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, "யார் ஓட்டப்போகிறார்? அவரிடம் உரிமம் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேளுங்கள். குரலில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பதில் தயங்கி வந்தால் மருத்துவமனையின் பூர்வகுடித் தொடர்பு அலுவலரை அழையுங்கள். வீடு போய்ச் சேர வேறு வழி உண்டா என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.