மூன்றாவது போர்வெல் போடும் முன் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, 210 மரங்கள். 20 அடி விட்டமுள்ள கிணறு பங்குனியிலேயே தரை தட்டுகிறது. 600 அடி, 850 அடி என்று போட்ட இரண்டு போரிலும் புழுதிதான் பறந்தது. 1,000 அடிக்கு இன்னொன்று போடலாமா?

பதில்: வேண்டாம். நம் பக்கத்துப் பூமி கரும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. ஆழம் போகப் போக அந்த வெடிப்புகள் அருகி, இறுகியும் விடும். நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்ததற்காகப் பாறை பிளந்துவிடாது. தப்பித் தவறித் தண்ணீர் வந்தாலும், அது உங்கள் கிணற்றுக்கு வரவேண்டிய ஊற்றாகவே இருக்கலாம். சித்தூர் வட்டாரத்தில் போர் போட, கேரளத்தின் 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி முன் அனுமதியும் வேண்டும். போர் போடும் வண்டிக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

முதலில் கிணற்றைக் கணக்குப் பாருங்கள். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நீர்மட்டத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், மோட்டாரைத் தொடாமல், மீண்டும் பாருங்கள். உங்கள் கிணற்றில் ஓர் அடி ஏறினால் ஏறக்குறைய 8,900 லிட்டர். வட்டப்பாத்தியில் மரத்துக்கு நான்கு நாளுக்கொரு முறை 200 லிட்டர் விட்டால், 210 மரத்துக்கு நாளொன்றுக்கு 10,500 லிட்டர் வேண்டும், பற்றாது. சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 40 லிட்டர் வைத்தாலும் 8,400தான். அதே ஓர் அடி ஊற்று போதுமானதாகிவிடுகிறது. போருக்கு எடுத்துவைத்த பணத்தைச் சொட்டுநீர்க் குழாயில் போடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாத்தி ஈரத்தை உறிஞ்சிவிடும். பாத்தியில் தேங்காய் மட்டைகளை முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்புங்கள். மண்ணுக்குள் புதைப்பதானால் நேர்மாறு: குழிந்த பக்கம் மேலே, மழையை ஏந்திக்கொள்ளும்.

பாலக்காட்டு நகரில் குடை இல்லாமல் நடக்க முடியாத ஆடியில் நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். அதனால் விழுகிற கொஞ்ச மழையையும் விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையைக் கழித்துவிட்டு, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றுக்குள் விடுங்கள். உரமும் மருந்தும் கலந்த தோட்டத்து வெள்ளத்தை வற்றிய போர்களில் இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது நிலத்தடி நீரையே கெடுக்கும். அந்த இரண்டு குழிகளின் வாயையும் இன்றே இரும்பு மூடியால் இறுக்கி மூடிவிடுங்கள். தோப்பு என்றால் பிள்ளைகள் ஓடி விளையாடத்தான் செய்வார்கள்.