ஹோலுக்கு என்ன விரிப்பு போடலாம்?

கல்முனையில் 10க்கு 12 அடி ஹோல், வெள்ளை டைல்ஸ், வெறுமையாக இருக்கிறது, என்ன விரிப்பு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அளவு. சின்ன விரிப்பை நடுவில் போட்டால் கைலேஞ்சி விழுந்து கிடப்பது போல் இருக்கும், அறையும் சுருங்கித் தெரியும். 6க்கு 9 அடி எடுங்கள். சுற்றிவர ஒன்றரை, இரண்டு அடி தரை தெரியும். செற்றியின் முன்கால்கள் விரிப்பின் மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேரும். கடைக்குப் போகுமுன் பழைய சேலையை அந்த அளவுக்கு மடித்து விரித்து, ஒருநாள் அதன்மேல் நடந்து பாருங்கள்.

அடர்ந்த மயிர் உள்ள கார்ப்பெட் நம் பக்கத்துக்கு வேண்டாம். கச்சான் காற்றில் மணல் அடியில் இறங்கிவிடும். மாரியில் ஈரம் ஏறினால் மணம் போகாது. தட்டையாக நெய்த பருத்தி நல்லது, தோய்த்துக் காயப்போடலாம். பன்பாயும் அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் சுருட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

நிறம் மண்நிறமோ கடும்நீலமோ போதும். மருதமுனைக் கைத்தறித் துணியில் குஷன் உறை தைத்தால் மிச்ச நிறம் அதில் வந்துவிடும். அப்புறம், டைல்ஸ் வழுக்கும். அடியில் ரப்பர் வலை கட்டாயம் போடுங்கள், வயதானவர்கள் இருந்தால் இன்னும் கவனம்.