தக்காளி அடி வாங்கிய தலைவர்

கேள்வி: ஐஸ் ஹாக்கி லீக் தலைவர் ஒருவரை ரசிகர்களே தக்காளியால் அடித்தார்களாமே, யார் சார் அந்தப் புண்ணியவான்?

பதில்: கிளாரன்ஸ் கேம்பெல். கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்து ஃபிளெமிங் என்ற சின்ன ஊரில் 1905-ல் பிறந்தவர். வக்கீல். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்தவர். என்.எச்.எல். என்கிற தேசிய ஹாக்கி லீக்கில் நடுவராக விசிலும் ஊதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மானியர்கள் மீதான போர்க்குற்ற வழக்குகளில் வேலை பார்த்துவிட்டு வந்து, 1946-ல் அந்த லீக்குக்கே தலைவரானார்.

தக்காளி பறந்தது 1955 மார்ச்சில். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் மொரீஸ் ரிஷார், மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசும் மக்களுக்குக் குலசாமி மாதிரி. பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் கைகலப்பை விலக்க வந்த லைன்ஸ்மேனையே (துணை நடுவர்) அவர் முஷ்டியால் குத்திவிட்டார். சீசனில் மிச்சமிருந்த ஆட்டங்கள், அதற்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ரிஷார் ஆடத் தடை போட்டார் கேம்பெல். கொலை மிரட்டல்கள் குவிந்தன. மனிதர் அசரவில்லை. 17-ம் தேதி மான்ட்ரியலில் டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். தன் பெண் செயலாளரோடு (பிற்பாடு அவரையே கல்யாணம் செய்துகொண்டார்) போய் அரங்கில் உட்கார்ந்துவிட்டார். முட்டையும் தக்காளியும் பறந்தன. கைகுலுக்க வருவதுபோல் வந்த ஒருவன் அடித்தே விட்டான். அப்புறம் கண்ணீர்ப்புகைக் குண்டு. ஆட்டம் பாதியில் நின்றது. 4-1 என்று முன்னிலையில் இருந்த டெட்ராய்ட்டுக்கே வெற்றி. வெளியே செயின்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷார் வானொலியில் பேசிய பிறகே ஊர் அடங்கியது.

என்னைக் கேட்டால், தடை நியாயம்தான். விசில் ஊதிய ஆளுக்கு லைன்ஸ்மேன் மேல் விழுந்த குத்து தன் மேலேயே விழுந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்து அங்கே போனது வீம்பு.

கேள்வி: அதோடு பதவி போய்விட்டதா?

பதில்: எங்கே போனது? 1977 வரை அவர்தான் தலைவர். ஆறே அணிகள் இருந்த லீக் 1967-ல் ஒரே பாய்ச்சலில் பன்னிரண்டானது அவர் காலத்தில்தான். சறுக்கியது வேறு இடத்தில். விமான நிலையக் கடைக் குத்தகைக்காக ஒரு செனட்டருக்கு (கனடா நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) 95,000 டாலர் கொடுக்கச் சதி செய்ததாக வழக்கு. 1980-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, குற்றவாளி என்று தீர்ப்பு: ஒரு நாள் சிறை, 25,000 டாலர் அபராதம். அபராதத்தை லீக்கே கட்டிவிட்டது!