ஒழுங்கைக்குள்ள ஒரு கனடா ஹொக்கி

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில இருந்து அக்கா குடும்பம் வருது. என்ர மகனுக்கு கனடா எண்டால் ஸ்னோவும் சொக்லேற்றும்தான். அக்கான்ர பிள்ளையளுக்கு ஐஸ் ஹொக்கியை விட்டால் வேற கதையில்லை, இவனுக்கோ கிரிக்கெட் மட்டும்தான். இதுகளை எப்பிடி ஒட்ட வைக்கிறது?
– ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: ஐஸுக்கு எங்க போறது எண்டு யோசிக்காதேங்கோ தங்கச்சி. அங்கயும் பிள்ளையள் சாதாரண சப்பாத்தோட றோட்டில ரெனிஸ் பந்தை வச்சு ஹொக்கி விளையாடுறவை, அதுக்கு உங்கட ஒழுங்கை காணும். ரெண்டு கதிரையை வச்சால் கோல், நுனி வளைஞ்ச பூவரசந்தடி பொல்லு. கார் வந்தால் ஆராவது "கார்!" எண்டு கத்த, எல்லாரும் கோலைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவினம், கார் போனவுடன "கேம் ஓன்!" எண்டு திருப்பித் தொடங்குவினம், அங்கத்தைய பிள்ளையளுக்கு இது சின்னனில இருந்தே பழக்கம். எங்கட பக்கம் ஓட்டோவுக்கும் மாட்டுக்கும் சேத்துக் கத்தவேண்டி வரும்!

விளையாடி முடிய, ஏன் ஹொக்கி எண்டு மகனையே அவையிட்ட கேக்க விடுங்கோ. குளம் உறைஞ்சு கல்லுமாதிரிக் கிடக்கிற ஊரில மாதக்கணக்கா வேற எதை விளையாடுறது, சில தகப்பன்மார் ராவில பின்வளவுக்குத் தண்ணி அடிச்சு உறைய வச்சே பிள்ளையளுக்கு ஐஸ்தரை செய்து குடுப்பினம். பிறகு என்எச்எல் எண்ட வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில, கிண்ணத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஓஃப் தொடர் ஒண்டு முடியிற வீடியோவை எல்லாரும் சேந்து பாருங்கோ, சண்டை பிடிச்சு அடிபட்டவையும் வரிசையில வந்து ஒவ்வொருத்தரா கை குடுப்பினம். கிரிக்கெட்டிலயும் இது இருக்கெண்டு உங்கட மகன் கட்டாயம் சொல்லுவான், சொல்லட்டும், கதை அதிலதான் வளரும்.

இன்னொண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹொக்கி கனடாவின்ர குளிர்கால தேசிய விளையாட்டு, கோடைக்கு லக்ரோஸ், நுனியில வலை கட்டின பொல்லால பந்தைப் பிடிச்சு எறியிற விளையாட்டு. லக்ரோஸ் வெள்ளைக்காரர் வரமுதலே அந்த மண்ணில இருந்த ஆதிக்குடியளின்ர விளையாட்டு, நோய் மாறவேணும் எண்டு நேந்தும் அதை ஆடுறவை. நேத்திக்கடனுக்குக் காவடி எடுக்கிற ஊர்ப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளையளுக்குக் கனடாவைக் காட்டுறதெண்டால் இந்தப் பக்கத்தையும் காட்டத்தான் வேணும், ஜேர்சி வாங்கிப் போட்டுப் படம் எடுக்கிறதோட நிக்கிறது எனக்கு விருப்பமில்லை.

அடுத்தநாள் கிளித்தட்டு, அதில உங்கட மகன்தான் வாத்தியார், அவை கேட்டுப் பழகட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் முதலே ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ, கேற்றில பந்து படாமல் இராது.