ரீகால் வந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு இலவசமாக மாற்றித் தருவார்களா?

கேள்வி: 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆர்சியில் தயாரிப்பு மாதம் 02/2021. 40, 50 கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டினால் வண்டி மிஸ் ஆகிறது, ஜெர்க் அடிக்கிறது. கால் மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் இக்னிஷன் காயில் போய்விட்டது என்கிறார்கள். அதற்குத்தான் ரீகால் வந்ததே என்று கேட்டால், "அதெல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சு சார், நீங்க ரெண்டாவது ஓனர் வேற" என்று பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது? (தென்காசி வாசகர்)

பதில்:

ரெண்டாவது ஓனர் என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். ரீகால் என்பது தயாரிப்பிலேயே குறை இருக்கும் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது. அது சேஸி எண்ணுக்கு, அதாவது வண்டியின் ஃப்ரேமில் குத்தியிருக்கும் அடையாள எண்ணுக்குத் தரப்படுவது, ஆளுக்கு அல்ல. வண்டி எத்தனை கை மாறினாலும் அந்த எண்ணுக்கு வேலை பாக்கி இருந்தால் செய்து கொடுக்க வேண்டும். வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் இங்கே செல்லாத காரணம். ஹோண்டா தன் 350 சிசி வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தபோது, வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாக மாற்றித் தருவோம் என்றே எழுதியிருந்தது.

உங்கள் வழக்கில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு அறிவித்த ரீகாலில் 2,36,966 வண்டிகள் அடங்கும். மீட்டியாரில் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரித்து விற்றவை, கிளாசிக், புல்லட் இரண்டிலும் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தயாரித்து விற்றவை. வெளி சப்ளையரிடம் வாங்கிய இக்னிஷன் காயில்களில் குறிப்பிட்ட பேட்ச் ஒன்றில், அதாவது சேர்ந்தாற்போல் தயாரான ஒரு தொகுதியில், குறை இருந்தது. அதனால் மிஸ்ஸிங் வரலாம், இழுவை குறையலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்பது கம்பெனி சொன்ன காரணம். உங்கள் வண்டி பிப்ரவரி தயாரிப்பு, ஏப்ரலுக்குள் விற்றதாக இருந்தால் அந்தக் காலத்துக்குள் பொருந்தி வருகிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் காயில் மாற்றுவோம் என்று கம்பெனி சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, குறையுள்ளதை மட்டும் மாற்றுவோம், அது 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்றுதான் சொன்னது. ஆகவே "முடிஞ்சிருச்சு" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உங்கள் வண்டியின் காயிலை அன்றே மாற்றியிருக்கலாம். அல்லது "செக் செய்தது, ஓகே" என்று சிஸ்டத்தில் போட்டுவிட்டுப் பழைய காயிலையே விட்டிருக்கலாம். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது: கம்பெனியின் அழைப்பு முதல் ஓனரின் போனுக்குப் போய், அவர் வண்டியைக் கொண்டு போகவே இல்லாமல், வேலை இன்னும் பாக்கியாகவே கிடக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சண்டை போடுவதில் பலன் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள சேஸி எண் முழுதாக வேண்டும். எம்பரிவாகன் ஆப்பில் அது முழுதாகத் தெரியாது, ஆர்சியைப் பாருங்கள். அதோடு ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, ஸ்டீயரிங் கழுத்தின் வலப்பக்க ஃப்ரேமில் குத்தியிருப்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் சேஸி எண்ணில் வரவே வராது, ஓ மாதிரி தெரிவது பூஜ்ஜியம்தான். இதைத் தப்பாக அடித்து "உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல" என்று திருப்பி அனுப்புவது கவுன்ட்டரில் சாதாரணமாக நடக்கிறது. அதேபோல, ரெஜிஸ்ட்ரேஷன் தேதியை மட்டும் வைத்து யாராவது இல்லை என்று சொன்னால் ஏற்காதீர்கள். வண்டி ரீகாலில் அடங்குமா என்பதை முடிவாகச் சொல்வது சேஸி எண்தான். ஊரடங்கு காலத்தில் தயாராகி மாதக்கணக்கில் ஷோரூமில் நின்ற வண்டிகள் நிறைய.

எண் கையில் இருந்தால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு நீங்களே பேசுங்கள். "இந்த சேஸிக்கு ஓபன் கேம்பெயின் ஏதும் இருக்கிறதா? இக்னிஷன் காயில் கேம்பெயின் எந்தத் தேதியில், எந்த டீலரிடம் குளோஸ் ஆனது? பார்ட் மாற்றியதா, செக் மட்டும்தானா?" என்று கேளுங்கள். அவர்கள் கணினியில் இவற்றுக்குக் கேம்பெயின் என்றுதான் பெயர். ரீகால் என்று கேட்டால் சில அட்வைசர்களுக்கு எதுவுமே தெரியாதது போல இருக்கும், கேம்பெயின் என்றால் உடனே எண்ணைத் தட்டுவார்கள். அப்படியே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அந்தச் சேஸிக்குப் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீகால் அழைப்பும் பழைய ஓனருக்குத்தான் போகும். எந்த மாடலுக்கு எந்த மாதத்தில் ரீகால் வந்தது என்று பொதுவாகப் பார்க்க, வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தளத்தில் தானாக முன்வந்து அறிவித்த ரீகால்களின் பட்டியல் இருக்கிறது.

காயில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சூடானதும் மிஸ் ஆகி, ஆறியதும் சரியாவது காயில் கோளாறின் அடையாளம்தான். காயிலின் வேலை 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி பிளக்குக்கு அனுப்புவது. உள்ளே முடி போன்ற கம்பிச் சுற்று, அதன் மேல் மெல்லிய காப்புப் பூச்சு. பூச்சில் குறை இருந்தால், சூட்டில் விரியும்போது சுற்றுக்குச் சுற்று கரண்ட் கசிந்து பொறி பலவீனமாகும். ஆறினால் மறுபடி வேலை செய்யும். மெக்கானிக் காலையில் குளிர்ந்த வண்டியில் மல்டிமீட்டர் வைத்து "அளவு கரெக்டா இருக்கு" என்று சொல்வதை இதனால்தான் அப்படியே நம்ப முடியாது. நீங்கள் சொன்ன 40, 50 கிலோமீட்டரை ஓட்டிவிட்டு, மிஸ் ஆகும் நிலையிலேயே சர்வீஸ் சென்டருக்குள் நுழையுங்கள். சூடாக இருக்கும்போதே அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதைவிட எளிய வழி, வேலை செய்யும் வேறொரு காயிலைப் போட்டு அதே தூரம் ஓட்டிப் பார்ப்பது.

அதற்கு முன் மலிவான சந்தேகங்களைத் தீர்த்துவிடுங்கள். பிளக், பிளக் கேப், கேப்புக்குள் கம்பி பிடிக்கும் இடம், பேட்டரி டெர்மினல். ஓடும்போது மீட்டரும் லைட்டும் சேர்ந்தே அணைந்தால் அது காயில் அல்ல, பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் பக்கம் தேடவேண்டும். மீட்டர் எரிந்துகொண்டிருக்க இன்ஜின் மட்டும் பட்டென்று நின்றால் சைடு ஸ்டாண்ட் ஸ்விட்சைப் பாருங்கள், சேறு அடைத்தாலே போதும். காயில் பெரும்பாலும் அப்படிப் பட்டென்று நிறுத்தாது. திணறும், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்னால் இழுக்கும், சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது இப்படித் திணறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரியாகும் வரை ஹைவேயில் எடுக்காதீர்கள்.

ஜாப் கார்டுதான் சாட்சி

ஜாப் கார்டு என்பது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை எழுதிக்கொள்ளும் தாள். அதில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் எழுதியிருந்தால் எதற்கும் உதவாது. "சுமார் 45 கி.மீ. ஓடியபின் மிஸ்ஃபயர், 15 நிமிடம் ஆறினால் சரியாகிறது, 2021 இக்னிஷன் காயில் கேம்பெயின் நிலை சரிபார்க்கவும்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள், ஓடோமீட்டர் அளவோடு. எழுத மாட்டேன் என்றால் அதே வரிகளை அங்கே நின்றபடியே சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள். காயிலைக் கழற்றும்போது கூட இருந்து, மேலுள்ள பேட்ச் எண்ணையும் பார்ட் நம்பரையும் போட்டோ எடுங்கள். உங்கள் விவகாரத்தில் இதைவிடப் பெரிய ஆதாரம் வேறு இல்லை, ஏனென்றால் ரீகாலின் அடிப்படையே பேட்ச்தான்.

அதன் பிறகு கணக்கு எளிது. வேலை பாக்கி என்றால் காயிலும் கூலியும் இலவசம், கூடவே ஆயில், வாட்டர் வாஷ் என்று பில்லில் ஏற்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "செக் செய்தது, ஓகே" என்று குளோஸ் ஆகியிருந்தால், கம்பெனிக்கு இப்படி எழுதுங்கள்: "இந்தச் சேஸி இத்தனையாம் தேதி இக்னிஷன் காயில் கேம்பெயினில் பரிசோதிக்கப்பட்டு, காயில் மாற்றப்படாமல் விடப்பட்டது. அந்தக் கேம்பெயினில் குறிப்பிட்ட அதே அறிகுறி இப்போது தென்படுகிறது. தற்போதுள்ள காயிலின் பேட்ச் எண் இது. இந்த பேட்ச் கேம்பெயினில் அடங்குமா என்பதை எழுத்தில் தெரிவித்து, அடங்குமானால் இலவசமாக மாற்றித் தரவும்." போட்டோ, ஜாப் கார்டு இரண்டையும் இணையுங்கள். காயிலை அன்றே மாற்றியிருந்து, மாற்றிய காயிலே இப்போது போயிருந்தால் ரீகால் வாதம் பலவீனம்தான். அப்போது பேரம் பேசலாம், உரிமை என்று அடித்துக் கேட்க முடியாது. அவசரத்துக்குப் பணம் கொடுத்து மாற்றிவிட்டால் பழைய காயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பில்லோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியைக் கம்பெனியிடம் வாங்காதவர் எப்படி நுகர்வோர் ஆவார் என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். சர்வீஸுக்குப் பணம் கொடுத்த பில் இருக்கிறதல்லவா, அந்தச் சேவைக்கு நீங்கள் நுகர்வோர்தான். பில் வாங்காமல் பத்திருபது ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அரசுத் தரப்பில் இன்னொரு கதவும் உண்டு. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, வண்டி ஓட்டுபவருக்கோ சாலையில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு வரும் குறை என்றால், ரீகால் செய் என்று கம்பெனிக்கு மத்திய அரசே உத்தரவிட முடியும். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும், உங்கள் வண்டிக்கு 2028 தொடக்கம் வரை காலம் இருக்கிறது. கம்பெனி தானாகவே முன்வந்து ரீகால் செய்தால் அபராதம் இல்லை. அரசு சொல்லிச் செய்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. உத்தரவு பிறப்பதற்கு, அந்த மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டுப் புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். புகாரை மத்திய அரசின் வாகன் இணையதளத்தின் வெஹிக்கிள் ரீகால் பகுதியில் பதியலாம். உங்கள் காயிலை நாளைக்கே மாற்றித் தருவதற்கான இடமல்ல அது. ஆனால் அட்வைசரிடம் வாயால் சொன்ன புகார் எந்தக் கணக்கிலும் ஏறாது.

பதிந்த புகாருக்கு என்ன கனம் என்பதற்கு ஓலா ஸ்கூட்டர் நல்ல உதாரணம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஆர்ம் உடைவதாகப் புகார்கள் குவிந்தபோது, 2023 மார்ச்சில் அந்தக் கம்பெனி விரும்புகிறவர்களுக்கு இலவசமாகப் புதிய ஆர்ம் மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆனால் இது ரீகால் அல்ல, அப்கிரேடு என்றது. அடுத்த ஆண்டு தேசிய உதவி எண்ணில் ஓராண்டில் சேர்ந்த 10,644 புகார்களை வைத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மெனக்கெட்டுப் பதிந்தது. "இலவச அப்கிரேடு", "சர்வீஸ் அப்டேட்" என்று மெசேஜ் வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள், எந்த பார்ட் என்று படித்துப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு, கையோடு தங்கள் ஆர்சியைப் பார்க்கச் சில தேதிகள். பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள சிங்கிள் சேனல் ஏபிஎஸ் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை: பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ரியாக்‌ஷன் பிராக்கெட் சேதமாகலாம், சத்தம் வரும், பிரேக் குறையும், 26,300 வண்டிகள். சுசுகி ஆக்சஸ், அவெனிஸ், பர்க்மேன், 2022 ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 3 வரை: இக்னிஷன் காயிலின் ஹைடென்ஷன் கார்டில் (பிளக்குக்குப் போகும் கம்பி) குறை, இன்ஜின் நின்றுபோகும், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம், 3,88,411 ஸ்கூட்டர்கள். யமஹா ரே இசட்ஆர், ஃபசினோ 125 ஹைபிரிட், 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை: பிரேக் லீவர், சுமார் 3 லட்சம். ஹோண்டா சிபி300, சிபி350 வகைகள், 2020 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை: வீல் ஸ்பீடு சென்சாருக்குள் தண்ணீர் இறங்கி ஸ்பீடோமீட்டர், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் பழுதாகலாம். மழைக்காலத்தில் ஸ்பீடோமீட்டர் முள் செத்து ஏபிஎஸ் லைட் எரிந்தால், சென்சாரைக் காசு கொடுத்து மாற்றுவதற்கு முன் சேஸி எண்ணைச் சொல்லிக் கேம்பெயின் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.