உள்ளக நீச்சல் போட்டியில் படங்கள் ஏன் கலங்கி வருகின்றன?

நிலாவெளிக் கடலில் மகள் நீந்தும்போது பளிச்சென்று வரும் படங்கள், கொழும்பில் கூரை போட்ட தடாகத்தில் மட்டும் இருண்டு கலங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான். கடற்கரை வெயிலுக்குப் பழகிய கை அங்கே தடுமாறத்தான் செய்யும்.

கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் கமராவுக்குப் போதாது. ஷட்டரை (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/1000 நொடியில் வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 வரை அகலத் திறந்து, ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறன்) 3200, தேவைப்பட்டால் 6400 வரை ஏற்றுங்கள். படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. அசைந்து கலங்கிய முகத்தைப் பிறகு திருத்த முடியாது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். அடுத்தடுத்த படங்களில் நிறமும் வெளிச்சமும் மாறினால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒளி மின்னுவதுதான் புறப்படும் சைகை; உங்கள் ஃபிளாஷை அதுவென்று நினைத்துவிடலாம்.

சரி, எங்கே நிற்பது? எனக்கு இதுதான் முக்கியம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை என்றால் அவள் நீந்தி வரும் திசைக்கு நேர் எதிரே. ஃப்ரீஸ்டைல் என்றால் அவள் மூச்செடுக்கும் பக்கம். எந்தப் பக்கம் என்று பயிற்சியிலேயே பார்த்து வையுங்கள். ஃப்ரீஸ்டைலிலும் பட்டர்ஃப்ளையிலும் பாய்ந்தபின் 15 மீற்றருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். நீந்தும் பாதைகளைப் பிரிக்கும் கயிற்றில் அதற்கான அடையாளம் இருக்கும். அதற்குச் சற்று முன்னே குறிவைத்துக் காத்திருங்கள், தண்ணீர் உடைந்து முகம் வெளிவரும் கணம் கிடைக்கும்.

அப்புறம், ஏசி வாகனத்தில் போனால் கமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். ஈரக் காற்றில் லென்ஸ் மூடுபனி போலாகிவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.